கோழிக்கடைக் கழிவை வயலுக்கு உரமாக்க முடியுமா? நீடாமங்கலம் பக்கம் யாராச்சும் செஞ்சு பாத்திருக்கீங்களா?

கோரையாத்துக்கரை (ஜூன் 3)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா படிக்கிறதோட சரி, இப்பதான் மொத தடவ எழுதுறேன். நமக்கு ஊரு நீடாமங்கலம் பக்கம், மூணாத்துத் தலைப்புலேருந்து கொஞ்ச தூரம்தான். சொந்தமா மூணு ஏக்கரு, குறுவையும் தாளடியும்னு ரெண்டு போகம் நெல்லு போடுவோம். தம்பி கடைத்தெருவுல பிராய்லர் கடை வச்சிருக்கான். சாதா நாள்ல 50 கோழி அறுப்பான், ஞாயித்துக்கெழமைன்னா 150 தாண்டும். றெக்கை, குடல், தலை, தோலுன்னு சாதா நாள்லயே 30 கிலோ சேருது.

முன்னாடி ஒருத்தரு ராத்திரில டெம்போ எடுத்துட்டு வந்து அள்ளிட்டுப் போவாரு. எங்க போவுதுன்னு நாங்களும் கேட்டதில்ல, தொல்லை வுட்டுச்சுன்னு இருந்தோம். பொறவுதான் தெரிஞ்சுது, ஆப்பிரிக்கன் கெளுத்தி வளக்குற குட்டைக்குப் போயிருக்குன்னு. அந்த மீன 2000-லயே நாட்டுல தடை பண்ணியாச்சு. அதிகாரிங்க வந்து குட்டைய அழிச்சிட்டாங்க, அந்த ஆளும் இப்ப வர்றதில்ல.

ரெண்டு வாரமா சாக்குல கட்டிக் கட்டி கடைக்குப் பின்னாடி வச்சிருக்கான். கடையில வேலை பாக்குற பையன் ஒருநா ராத்திரி ரெண்டு மூட்டைய ஆத்துல வீசிட்டு வந்துட்டான். ஜூன் 12 மேட்டூர் தொறந்தா அந்தத் தண்ணிதான் நம்ம வயலுக்கு வரப்போவுது, அந்தத் தண்ணியிலதான் நம்ம பொம்பளைங்க நாத்து நடப்போறாங்க, நெனச்சா ராத்திரி தூக்கமே வல்ல எனக்கு. தம்பிய புடிச்சுத் திட்டிட்டேன், ஆனா திட்டிட்டா ஆச்சா, அவன் அத எங்கதான் கொண்டு போயி போடுவான்?

டிஏபி உர மூட்டை 1350 விக்கிற காலத்துல இவ்ளோ சத்த ஆத்துல வீசுறோமேன்னும் தோணுது. யூடியூப்புல பாத்தேன், மீன் அமிலம் மாதிரி கோழிக் குடல்லயும் செய்யலாமாம், ஏக்கருக்கு ஒரு லிட்டரு அடிச்சா யூரியாவே தேவையில்லன்னு ஒருத்தரு சொல்றாரு. இன்னொருத்தரு குழி வெட்டிப் பொதைச்சா ஆறு மாசத்துல உரங்கிறாரு. எது நெசம்? கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

வடுவூரான் (ஜூன் 3)

அண்ணே, நான் ரெண்டு வருஷமா மீன் அமிலம் போடுறேன். கணக்கு சுலபம். ஒரு கிலோ மீன் கழிவு, ஒரு கிலோ நாட்டுச்சக்கரை இல்லாட்டி வெல்லம், பெசைஞ்சு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு மூடி நெழல்ல வச்சிரணும். தண்ணி ஊத்தக்கூடாது. 20 நாள் கழிச்சு தொறந்தா மீன் வாடை போயி பழம் பழுத்த வாசனை மாதிரி வரும், வடிகட்டி 10 லிட்டர் டேங்குக்கு 50-லேருந்து 100 மில்லி கலந்து சாயங்காலமா அடிக்கலாம். கோழிக் குடலும் இதே மாதிரி கரையும், ஆனா கொழுப்பு மேல மெதக்கும், அத எடுத்துடணும், இல்லன்னா நாசில் அடச்சுக்கும். றெக்கை போடாதீங்க, ஒரு வருஷம் ஆனாலும் அப்டியே இருக்கும்.

ஒரே ஒரு விஷயம், நம்ம அனுபவம். மொத தடவ 50 லிட்டர் டிரம்முல போட்டு, நாத்தம் வெளிய வரக்கூடாதுன்னு மூடிய திருகி அதுக்கு மேல டேப்பும் சுத்தி வச்சேன். பத்து நாள் இருக்கும், டிரம் பக்கமெல்லாம் பலாப்பழமாட்டம் உப்பிருந்துச்சு. என்னடா இதுன்னு குனிஞ்சு திருகுனேன் பாருங்க, டுப்புன்னு அடிச்சு மூஞ்சி, மீசை, வெள்ளை வேட்டி, மாட்டுக்கொட்டாய் ஓடு வரைக்கும் மத்தி மீன் கொழகொழன்னு ஒட்டிகிச்சு. வீட்டுல மூணு நாள் என்னைத் திண்ணையில படுக்க வச்சாங்க. அதனால மேல கால்வாசி எடம் காலியா வுடுங்க, மூடிய இறுக்காதீங்க, இல்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவ காத்து போக்கிடுங்க.

கோரையாத்துக்கரை (ஜூன் 4)

சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது வடுவூரான். ஆனா கணக்கு இடிக்குதே. தெனம் 30 கிலோ கழிவு, றெக்கைய எடுத்துட்டாலும் 20 கிலோ நிக்கும். அதுக்கு 20 கிலோ வெல்லம், கிலோ 50 ரூவான்னாலும் தெனம் ஆயிரம் ரூவாக்கு வெல்லம் வாங்கணும். வீரமாங்குடியில வெல்ல ஆலைய நாமளே குத்தகைக்கு எடுத்தாதான் கட்டும் போல.

பழைய கிராமசேவக் (ஜூன் 4)

தம்பி கோரையாத்துக்கரை, நான் வேளாண்மைத் துறையில முப்பது வருஷத்துக்கு மேல விரிவாக்க வேலை பாத்து ஓய்வு வாங்குனவன், பேச்சு கொஞ்சம் நீளும், பொறுத்துக்குங்க.

மொதல்ல அந்த யூடியூப் சங்கதிய முடிச்சிருவோம். ஏக்கருக்கு ஒரு லிட்டர் அடிக்கிறீங்க. அதுல தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 2 சதம்னே தாராளமா வச்சுக்குவோம், மொத்தம் 20 கிராம். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதுல 46 சதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்கு மேல. குறுவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்துன்னு பரிந்துரை, நம்ம கணக்குல ஏக்கருக்கு 60 கிலோ. 60 கிலோ எங்க, 20 கிராம் எங்க? மீன் அமிலம் அடிச்சா பயிரு நாலு நாள்ல கரும்பச்சையா நிமிரும், அத நானும் கண்ணால பாத்திருக்கேன், பொய் இல்ல. ஆனா அது டானிக். டானிக் குடிச்சிட்டு சோறு வேணாம்னா புள்ள எளைச்சுத்தான் போவும். காய்கறிக்கு, பூவுக்கு, நாத்தங்காலுக்கு அடிங்க, சந்தோஷம். அத நம்பி அடியுரத்த நிறுத்தாதீங்க.

ரெண்டாவது, குழி. மேட்டுப் பூமிக்காரங்க வீடியோ போடுறாங்க, அவங்களுக்குக் குழி சரி. நம்ம டெல்டாவுல ஐப்பசி கார்த்திகையில மூணு அடி தோண்டுனா தண்ணி சொரக்குது. குடலையும் தலையையும் குழியில போட்டா தண்ணிக்குள்ள ஊறி, காத்து இல்லாம, சாக்கடைப் புழுதான் மிச்சம், அதோட பக்கத்துல இருக்குற கைப்பம்பு தண்ணியும் போச்சு. இங்க எப்பவும் தரைக்கு மேல அம்பாரம்தான். உங்க ஊருல திடல் இருக்கும்ல, கெணறு போரு வாய்க்கால் எல்லாத்துக்கும் நூறு அடிக்கு மேல தள்ளி அந்த மாதிரி மேடா ஒரு எடம் பாருங்க, மேல கீத்துக் கொட்டாய் போடுங்க. கொட்டாய் இல்லாம ஆரம்பிச்சா ஐப்பசி மழையில அத்தனையும் கரைஞ்சு ஓடிரும், அப்புறம் நீங்க ஆத்துல வீசுறதுக்கும் இதுக்கும் வித்தியாசமில்ல.

இப்ப செய்முறை. அடியில ஒரு அடி ஒசரத்துக்கு தென்னை நார்க்கழிவு பரப்புங்க. அது தன் எடைய விடப் பல மடங்கு தண்ணிய உறிஞ்சி வச்சுக்கும், குடல் சாறு கீழ எறங்காது. அதுமேல அரை அடிக்கு வைக்கோல், ஒரு சாண் சாணமா வெட்டிப் போட்டா நல்லது. அப்புறம் அன்னன்னைய கழிவு, ரெண்டு மூணு விரக்கடை ஒசரத்துக்கு மேல போவாம பரப்பணும், மேல ஒரு கூடை ஈரச் சாணி இல்ல பழைய எரு, திரும்ப வைக்கோல். ஓரத்துலேருந்து ஒரு அடி உள்தள்ளியே கழிவ வைங்க. நாலடி அகலம், நாலடி ஒசரம் வந்ததும் மேல ஒரு அடி வைக்கோல் போர்த்திட்டு அடுத்த அம்பாரத்த ஆரம்பிச்சிடுங்க.

றெக்கைய தனியா குமிச்சுப் போட்டா மெத்தை மாதிரி ஒட்டிகிட்டு காஞ்சு கெடக்கும், ஒண்ணும் ஆவாது. தலைமுடி, நகம், கொம்பு எல்லாம் எந்தப் பொருளோ அதே கெராட்டின்தான் றெக்கையும். அத நனைச்சு, குடலோட பெசறித்தான் போடணும். காஞ்ச றெக்கையில தழைச்சத்து 15 சதம் பக்கம் இருக்கு, உங்க கழிவுலேயே கனமான சொத்து அதுதான், எல்லாரும் அதத்தான் மொதல்ல கொளுத்துறாங்க, நாத்தத்துல ஊரே மூக்க புடிச்சுக்கும்.

ரத்தத்த என்ன பண்றான் உங்க தம்பி? தண்ணி ஊத்தி சாக்கடையில வுட்டுருப்பான். 100 கிலோ உயிர்க்கோழிக்கு மூணு நாலு கிலோ ரத்தம் வடியும். புனலுக்குக் கீழ ஒரு பக்கெட்டு வச்சு, அதுல பாதி நார்க்கழிவு போட்டு வைக்கச் சொல்லுங்க, அப்டியே உறிஞ்சிக்கும், கொண்டாந்து அம்பாரத்துல கொட்டலாம். காஞ்ச ரத்தத்தூள்ல தழைச்சத்து 10-லேருந்து 12 சதம். ஆனா கடையில பிளீச்சிங் பவுடர் தெளிச்ச கழிவ மட்டும் எடுக்காதீங்க, நம்ம அம்பாரத்துல வேலை செய்யிற நுண்ணுயிரையும் அது கொன்னுடும். சாம்பலும் சுண்ணாம்பும் நாத்தத்துக்குப் போடலாம்னு சிலபேரு சொல்லுவாங்க, ரைஸ்மில்லு உமிச்சாம்பலும் சும்மா கெடைக்குது, ஆனா பச்சைக் கழிவுல அத போட்டா தழைச்சத்து அம்மோனியாவா மாறி பறந்துடும், கண்ணு எரியிறதே அதனாலதான்.

சூடு ஏறுதான்னு பாக்க மெஷின் வேணாம். கடப்பாரைய நடுவுல செருகி அஞ்சு நிமிஷம் வுட்டு உருவுங்க. நுனிய உள்ளங்கையில புடிச்சா அஞ்சு எண்றதுக்குள்ள கைய எடுத்துடணும், அப்டின்னா 55 டிகிரி தாண்டிருச்சுன்னு வச்சுக்கலாம். மூணு வாரம் கிளறாதீங்க, குடல் மேல வந்தா ஈ மொய்க்கும். அப்புறம் பத்துப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ பொரட்டிப் போடுங்க.

இப்ப முக்கியமான கணக்குக்கு வர்றேன், இதத்தான் எந்த வீடியோவுலயும் சொல்ல மாட்டாங்க. ஒரு கிலோ கழிவுக்கு ரெண்டு கிலோ காஞ்ச வைக்கோல் வேணும். குடலும் றெக்கையும் முழுக்கத் தழைச்சத்து, கரிச்சத்து (கார்பன்) கம்மி, வைக்கோல் முழுக்கக் கரிச்சத்து, கரிச்சத்து முப்பதுக்குத் தழைச்சத்து ஒண்ணுன்னு கலவை நின்னாதான் நாத்தமில்லாம வேவும். தெனம் 30 கிலோ கழிவுன்னா 60 கிலோ வைக்கோல், நூறு நாளைக்கு ஆறு டன்னு. உங்க மூணு ஏக்கர்ல ஒரு போகத்துல வர்ற வைக்கோல் மொத்தமுமே அவ்ளோதான் தம்பி. மாட்டுக்கு என்ன போடுவீங்க? ஆகாயத்தாமரை வாய்க்கால் பூரா கெடக்குதேன்னு அத இழுத்துப் போடாதீங்க, அது வெறும் தண்ணி, காய வச்சாதான் ஒதவும்.

அத்தனையும் செஞ்சா நூறு நூத்திருவது நாள்ல அஞ்சாறு டன்னு எரு வரும், ஒரு ஏக்கருக்கு அடியுரம். மொத போகத்துல பயிருக்குக் கெடைக்கிற தழைச்சத்து ஒரு மூட்டை யூரியா அளவுதான் இருக்கும். மிச்சம் மண்ணுல தங்கி அடுத்தடுத்து வரும். மூணு ஏக்கருக்கும் உரச்செலவே இருக்காதுன்னு நெனச்சு எறங்குனீங்கன்னா ஏமாந்துருவீங்க. கழிவு ஆத்துக்குப் போவாம இருக்க ஒரு வழி, கூடவே வருஷா வருஷம் ஒரு ஏக்கரு மண்ணு தேறும்னு நெனச்சா எறங்குங்க.

கோரையாத்துக்கரை (ஜூன் 4)

ஐயா, கையெடுத்துக் கும்புடுறேன். வைக்கோல் கணக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருக்கு. ஞாயித்துக்கெழமை லோடு வேற 90 கிலோ வருமே, அதுக்கு எங்க போறது. எலும்புத்தூள் பத்தியும் கேக்கணும்னு இருந்தேன், தம்பி ஞாயித்துக்கெழமையில ஆடும் அறுக்குறான்.

மாட்டு டாக்டர் (ஜூன் 5)

ஒரத்தநாட்டுல படிச்ச கால்நடை மருத்துவன் நான். மேல ஐயா சொன்னதுல ஒண்ணும் கொறை சொல்றதுக்கில்ல, நம்ம பக்கத்துல ரெண்டு மூணு சேத்துக்குறேன்.

செத்த கோழி வேற, அறுத்த கோழிக் கழிவு வேற. லாரியில வரும்போதே வெயில்ல நாலஞ்சு செத்திருக்கும், அதயும் சேத்து அனுப்புவாங்க. ஒண்ணு ரெண்டுன்னா அம்பாரத்தோட நடுவுல வைக்கலாம். ஆனா திடீர்னு கொத்துக் கொத்தா செத்தா தொடவே தொடாதீங்க, பக்கத்து கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லணும், பறவைக் காய்ச்சலா கூட இருக்கலாம்.

குடல்ல சால்மோனெல்லாங்கிற கிருமி இருக்கும். 55 டிகிரிக்கு மேல மூணு நாளாச்சும் நின்ன சூட்டுல அது சாவும், ஆனா அம்பாரத்தோட ஓரம் சூடாவாது, பொரட்டிப் போடும்போது ஓரத்துல இருந்தது நடுவுக்கு வரணும், அதுக்குத்தான் பொரட்டுறதே. குடல்ல செஞ்ச அமிலத்த கீரைக்கும் கொத்தமல்லிக்கும் வெள்ளரிக்கும் அடிக்காதீங்க, பச்சையா திங்குற எதுக்கும் வேணாம். நெல்லு, தென்னை, வாழைன்னா பயமில்ல. கையில கிளவுஸ் போடுங்க, கொழந்தைங்கள அந்தப் பக்கம் வுடாதீங்க.

எலும்பு விஷயம். ஆட்டுல நம்ம ஊருல எதுதான் மிஞ்சுது? தலை, காலு, குடல், ரத்தம் எல்லாம் வித்துப்போவுது. மிஞ்சுறது இரைப்பைச் சாணி, கொம்பு, குளம்புதான். இரைப்பைச் சாணி பாதி வெந்த எரு மாதிரி, அம்பாரத்துல சாணிக்குப் பதிலா அதயே போடுங்க, நுண்ணுயிர் எக்கச்சக்கமா இருக்கும். கொம்பும் குளம்பும் றெக்கை ஜாதிதான், மெதுவாத்தான் மக்கும்.

செத்த மாட்டு எலும்ப யாராச்சும் சும்மா தர்றேன்னா வாங்கவே வாங்காதீங்க. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில செத்த மாடா இருந்தா அந்தக் கிருமி விதை மாதிரி மண்ணுல பல வருஷம் உசிரோட கெடக்கும், மனுசனுக்கும் வரும். வீட்டுல கொளுத்தி இடிச்சா போதும்னு நெனைக்கிறாங்க, மேல கருகுனாலும் உள்ள அப்டியே இருக்கும். ஐரோப்பாவுல இந்த மாதிரி கழிவுக்கு 133 டிகிரி, 3 பார் அழுத்தம், 20 நிமிஷம்னு வச்சிருக்காங்க, அதுக்கு பாய்லர் வேணும், அண்டாவுல ஆவுற வேலை இல்ல. எலும்புத்தூள் வேணும்னா ஆவியில வேவ வச்ச பாக்கெட்டு எலும்புத்தூளா வாங்கிக்குங்க. அதயும் மாட்டுத் தீவனத்துல கலக்காதீங்க, பிரிட்டன்ல 1986-ல கண்டுபுடிச்ச பைத்தியமாட்டு நோயி கறி எலும்புத்தூளத் திரும்ப மாட்டுக்கே தீனியா போட்டுப் பரவுனதுதான்.

பழைய கிராமசேவக் (ஜூன் 5)

டாக்டர் சொன்னது நூத்துக்கு நூறு. எலும்புத்தூளுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில அளவே இருக்கு, பச்சை எலும்புத்தூள்னா மொத்த மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20 சதமாச்சும் இருக்கணும், வேவ வச்சதுன்னா 22. ஆனா அது கரையிறதுக்கு மண்ணு கொஞ்சம் புளிப்பா இருக்கணும். நம்ம பக்கம் பாதி வயலு உவர் வாடை உள்ளது, அதுல போட்டா எலும்பு எலும்பாவேதான் கெடக்கும். மண்ணு பரிசோதனை பண்ணி, புளிப்பா உவரான்னு காட்டுற பி.எச். அளவ பாக்காம காசு போடாதீங்க.

பேராவூரணி தென்னந்தோப்பு (ஜூன் 6)

தம்பி, நான் பேராவூரணி பக்கம். 2018 நவம்பர்ல கஜா புயல்ல எங்க தோப்புல நூத்துக்கு எண்பது மரம் போச்சு, திரும்பக் கண்ணு வச்சு இப்பதான் பாளை தள்ளுது. எங்க வீட்டுக்காரரு மீன் மார்க்கெட்டுலேருந்து செதிலு, செவுளு, இறால் தலைன்னு வாங்கியாந்து மரத்துலேருந்து ஆறடி தள்ளி வட்டமா பள்ளம் வெட்டிப் பொதைச்சாரு. எங்க மண்ணு மணல்சாரி, ஒங்கள மாதிரி களிமண்ணு இல்ல, தண்ணி நிக்காது, அதனால எங்களுக்குக் குழி சரியா வந்துச்சு.

ஆனா மொத வாரம் நாயி பண்ணுன அக்கப்போரு இருக்கே! ராத்திரி பதினோரு மணிக்கு பத்து நாயி வந்து ஒவ்வொரு மரத்தடியையும் பறிச்சுப் போட்டுட்டு, காலையில வாசல்ல வந்து பாத்தா மீன் தலைய வரிசையா வச்சிட்டுப் போயிருக்கு, என்னமோ மாமனாரு வீட்டு சீரு மாதிரி. பொறவு சீமைக்கருவேல முள்ள வெட்டிப் போட்டு மேல மண்ணு தள்ளுனோம், அதோட நின்னுச்சு. உங்க அம்பாரத்த சுத்தியும் முள்ளு போடுங்க, வெறும் வைக்கோல நாயி ரெண்டு நிமிஷத்துல கலைச்சிடும்.

வைக்கோல் பத்தலன்னா நார்க்கழிவு எங்க பக்கம் மில்லு மில்லா குமிஞ்சு கெடக்கு. பட்டுக்கோட்டையிலேருந்து உங்களுக்கு என்ன தூரம், ஒரு லோடு ஏத்திக்குங்க. முழுக்க அதயே போட்டா மக்க நேரமாவும், பாதி வைக்கோலு பாதி நாருன்னு போடுங்க.

நெல்லு மட்டும் (ஜூன் 7)

எல்லாம் சரிதான், ஆனா எதுக்கு இத்தனை பாடு? மாசியிலேருந்து ராமநாதபுரத்து கீதாரிங்க ஆட்டுக் கிடை கொண்டாராங்க, ரெண்டு ராத்திரி ஆட்ட வயல்லயே அடைச்சு கிடை போட்டா வேலை முடிஞ்சுது. ஆட்டெரு அவ்வருஷம் மாட்டெரு மறுவருஷம்னு சும்மாவா சொன்னாங்க. அதோட நான் கருப்புக்கவுனியும் தூயமல்லியும் போட்டு நேரா வீடுகளுக்கு விக்கிறேன், வாங்குறவங்கள்ல பாதிப்பேரு சைவம். கோழிக் குடல்ல வெளைஞ்சதுன்னு சொன்னா அரிசியத் திருப்பி அனுப்பிருவாங்க.

வடுவூரான் (ஜூன் 7)

அவரு கடைக் கழிவ என்ன பண்றதுன்னு கேக்குறாரு, நீங்க கிடை போடச் சொல்றீங்க. கீதாரி வந்து குடல அள்ளிட்டுப் போவாரா?

பழைய கிராமசேவக் (ஜூன் 7)

சண்டை வேணாம். கிடைக்கு ஈடு எதுவுமில்ல, அவரு சொல்றதும் நெசம். சைவ விஷயத்துல மறைச்சு விக்காம, வாங்குறவங்ககிட்ட சொல்லிடுறதுதான் மொறை. ஆர்கானிக் சர்டிபிகேட்டு வாங்குனவங்க ரத்தத்தூள், எலும்புத்தூள், றெக்கைத்தூள் போடுறதுக்கு முன்னாடி சர்டிபிகேட்டு கொடுக்குறவங்ககிட்ட கேட்டுக்கணும், அதெல்லாம் கட்டுப்பாட்டோட அனுமதிக்கிற சரக்கு. தம்பி நெல்ல நேரடி கொள்முதல் நிலையத்துல போடுறவரு, அவருக்கு அந்தச் சிக்கல் இல்ல.

கோரையாத்துக்கரை (நவம்பர் 24)

எல்லாரும் மறந்திருப்பீங்க, ஆனா சொல்லாம இருக்க மனசு வல்ல.

ஜூன் கடைசியில ஆரம்பிச்சோம். மாமா திடல்ல எடம் கொடுத்தாரு, கீத்துக் கொட்டாய் போட 14 ஆயிரம் ஆச்சு, ஊராட்சியில தலைவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் செஞ்சோம். மொத அம்பாரம் நாறிப்போச்சு, ஒளிச்சு என்ன. ஐயா சொன்ன ரெண்டுக்கு ஒண்ணு கணக்க நம்பாம ஒண்ணுக்கு ஒண்ணு வைக்கோல் போட்டேன், மிச்சம் புடிக்கலாம்னு. அஞ்சாவது நாளு கீழ கறுப்பா சாறு கசிய ஆரம்பிச்சிருச்சு, பக்கத்து வயல்காரரு மூக்கப் பொத்திகிட்டே வந்து நின்னாரு. மொத்தத்தயும் பிரிச்சு ஒரு லோடு நார்க்கழிவு கலந்து மறுபடி அடுக்குனோம், நானும் தம்பியும்தான், கூலிக்கு ஒரு ஆளும் வல்ல. மறுநா சாயங்காலம் கடப்பாரைய செருகி எடுத்தேன், மூணு எண்றதுக்குள்ள கைய ஒதறிட்டேன். அன்னையிலேருந்து நாத்தமில்ல. பக்கத்து வயல்காரரு இப்ப தன் வூட்டுக் குப்பையயும் கொண்டாந்து போடவான்னு கேக்குறாரு.

புரட்டாசியில கடை பாதி நாளு ஈ ஓட்டுச்சு, கழிவே இல்ல, நல்லா மூச்சு வுட்டோம். அது முடிஞ்சதும் ஐப்பசி, தீபாவளி, மழைன்னு எல்லாம் ஒண்ணா வந்து சேர்ந்துச்சு. தீபாவளிக்கு மொத நாளும் அன்னைக்கும் சேத்து 400 கோழிக்கு மேல, அள்ளி முடியல. பாதிய வேற வழியில்லாம பேரூராட்சி வண்டியில ஏத்திவுட்டோம்.

மொத ரெண்டு அம்பாரமும் நூத்திப்பத்து நாள்ல வந்துச்சு. கறுப்பா, கையில புடிச்சா பொலபொலன்னு, மழை பேஞ்ச மண்ணு வாசனை. றெக்கையோட தண்டு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி அங்கங்க தெரியுது, புடிச்சு ஒடிச்சா ஒடியிது, அத சலிச்சு அடுத்த அம்பாரத்துலயே போட்டுட்டேன். வந்தது நாலு டன்னுக்குக் கொஞ்சம் கொறைவுதான். தாளடிக்கு முக்கா ஏக்கருக்கு கடைசி உழவுல தள்ளுனேன், அந்தத் துண்டுல யூரியா ஒரு தடவ கொறைச்சுப் போட்டிருக்கேன். நட்டு இருவது நாளாச்சு, தூரு கட்டுறதுல பக்கத்துத் துண்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் சொல்லத் தெரியல. ஆனா மொளைக்குச்சி குத்தும்போது மண்ணு இளகி உள்ள எறங்குது, பக்கத்துத் துண்டுல சுத்தியல் வேணும். அறுப்புக்கு அப்புறம் மூட்டை எண்ணிட்டுச் சொல்றேன்.

இப்ப கையில வைக்கோல் சுத்தமா இல்ல, ஐயா மொதல்லயே சொன்னாரு. மாட்டுக்கு வச்சிருந்ததுலயே கை வச்சிட்டேன், வீட்டுல திட்டு. கடைசியா அறுத்த குறுவை வைக்கோலு மழையில நனைஞ்சு கட்ட முடியாம களத்துல கருத்துக் கெடக்குறது யார்கிட்டயாச்சும் இருந்தா சொல்லுங்க. மாட்டுக்கு ஆவாதுன்னு கொளுத்திராதீங்க, நமக்கு அது போதும். நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான், எங்கன்னாலும் வந்து எடுத்துக்குறேன்.

வடுவூரான் (நவம்பர் 24)

அண்ணே, நம்ம களத்துல ரெண்டு டன்னு இருக்கும், பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. டிராக்டரும் டிப்பரும் நீங்க கொண்டாங்க, ஏத்துறதுக்கு நான் ரெண்டு ஆளு பாக்குறேன். ஞாயித்துக்கெழமை மட்டும் வராதீங்க, அன்னைக்கு உங்க தம்பி கடையில கோழி வாங்க நானே வர்றேன்.